500 எஸ்இசி ஓட்டிப் பார்த்தேன், ஏமாந்த மாதிரி இருக்கு... வண்டில கோளாறா, இல்ல இதோட குணமே இதுதானா?

நெக்கார்க்கரை:

வணக்கம் மக்களே. ஸ்டுட்கார்ட் பக்கம் போப்ளிங்கன்ல இருக்கேன், இங்க வந்து ஏழு வருஷமாச்சு. சின்ன வயசுல இருந்தே இந்த பென்ஸ் எஸ்இசி (80கள்ல வந்த பெரிய ரெண்டு கதவு கூப்பே) மேல ஒரு கிறுக்கு. நடுத்தூண் கிடையாது, நாலு கண்ணாடியையும் இறக்கிட்டா முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒரே திறப்பு, அத எப்பவோ ஒரு பழைய காலண்டர் படத்துல பார்த்தது, இன்னும் மனச விட்டுப் போகல.

போன சனிக்கிழமை ஒரு 1984 மாடல் 500 எஸ்இசி பார்க்கப் போனேன். வெளிர் நீலம், உள்ள கருநீலத் துணி சீட்டு (லெதர் இல்ல, எனக்கு அதுவே பிடிச்சிருந்தது), ரெண்டாவது ஓனர், வயசான மனுஷர், பொறுமையா எல்லாத்தையும் காட்டினார். கதவ சாத்தினா அந்த சத்தம் இருக்கே, அதுக்கே பாதி காச குடுத்துரலாம். சாவியத் திருப்பினா பின்பக்கம் இருந்து ஒரு சின்ன கை நீண்டு வந்து சீட் பெல்ட்ட தோளுகிட்ட கொண்டாந்து நீட்டுது, நான் சிரிச்சே புட்டேன்.

ஆனா ஓட்டினப்பதான் சப்புன்னு ஆயிருச்சு. அஞ்சு லிட்டர் வி8னு பேரு, சிக்னல்ல இருந்து கிளம்பறப்போ என் ஆபீஸ் கொடுத்த சின்ன எலக்ட்ரிக் வண்டி இத விட நாலு மடங்கு சுறுசுறுப்பா போகும். ஆக்சிலரேட்டர் பெடல் ஜிம்ல இருக்கற மாதிரி கனம், அமுக்கிக்கிட்டே இருக்கணும். ஸ்டீயரிங் பெருசு, நடுவுல கொஞ்சம் சும்மா ஆடுது, வளைவுல வண்டி சாயுது. ரெண்டுல இருந்து மூணு கியர் மாறறப்போ ஒரு சின்ன இடி. அதோட காலைல நான் போனப்போ எஞ்சின் குளிர்ந்து இருந்துச்சு, ஸ்டார்ட் பண்ணதும் ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம், அப்புறம் அமைதி. அவர் "பழைய வண்டி அப்படித்தான்"னு சொல்லிட்டார்.

ஊருக்குள்ளயே ஒரு இருபது நிமிஷம்தான் ஓட்டினேன். இதுல எது கோளாறு, எது குணம்? இத விட்டுட்டு இன்னும் பெரிய எஞ்சின் உள்ள 560 எஸ்இசிக்கு காத்திருக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

பழையபென்ஸ்:

முதல்ல ஒரு விஷயம், நீங்க ஊருக்குள்ள ஓட்டிட்டு இந்த வண்டிய எடை போட்டது பெரிய தப்புங்க. மேட்டுப்பாளையம் பாசஞ்சர்ல போயிட்டு ரயில் மெதுவா போகுதுன்னு சொல்ற மாதிரி. என்கிட்ட 500 எஸ்இசி பன்னெண்டு வருஷமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அது ஏன் மெதுவா கிளம்புதுன்னா, அது முதல் கியர்லயே கிளம்பல. இதுல இருக்கற நாலு கியர் ஆட்டோமேட்டிக் சாதாரணமா ரெண்டாவது கியர்லதான் கிளம்பும், பெடல தரையோட அமுக்கினாத்தான் முதல் கியர் வரும். இது ரிப்பேர் இல்ல, வேணும்னே அப்படி வச்சது, பின்னாடி உக்கார்ந்திருக்கறவர் கைல இருக்கற காப்பி சிந்தக் கூடாது, அவ்ளோதான் கணக்கு. பெடல் கனமா இருக்கறதும் நீளமா போறதும் அதே கணக்குதான், கால் லேசா தடுமாறினாலும் வண்டி குதிக்கக் கூடாதுன்னு. ஆனா ஒண்ணு, பெடல்ல இருந்து எஞ்சினுக்குப் போற லிங்கேஜ்ல சின்னச் சின்ன பிளாஸ்டிக் புஷ் இருக்கு, அது தேஞ்சு போச்சுன்னா பெடல் தரையத் தொட்டாலும் த்ராட்டில் முழுசா தொறக்காது. பாதிப் பேர் வண்டில பவர் இல்லன்னு அழறதுக்கு இதுதான் காரணம். ஒருத்தர உள்ள உக்கார வச்சு பெடல அமுக்கச் சொல்லிட்டு நீங்க பானெட்டத் தொறந்து பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உங்க 84 மாடல்ல பின் ஆக்சில் ரேஷியோ 2.24, அதாவது டாப் கியர்ல பின் சக்கரம் ஒரு சுத்து சுத்த எஞ்சின் 2.24 சுத்துதான் சுத்தும். இது ரொம்ப நீளம். அந்தக் காலத்துல பெட்ரோல் விலை ஏறினதுல பென்ஸ்காரங்க எல்லா வி8லயும் சுழற்சியக் குறைச்சு மிச்சம் பிடிக்கப் பார்த்தாங்க. டாப் கியர் நேர் ஒண்ணுக்கு ஒண்ணு. 205/70 அளவுல 14 அங்குல டயர் வச்சு கணக்கு போட்டுப் பாருங்க, 160 கி.மீ. வேகத்துல எஞ்சின் சுமார் 3000 ஆர்பிஎம்ல சுத்தும். இப்ப எஞ்சின் பேப்பர எடுங்க: 4973 சிசி, 231 குதிரைத்திறன், அதிகபட்ச டார்க் (இழுவை) 405 நியூட்டன் மீட்டர், அது வர்றது எங்க? 3000 ஆர்பிஎம்ல! அதாவது நீங்க சிக்னல்ல தேடின இழுவைய அவங்க 160ல கொண்டு போய் வச்சிருக்காங்க. எல்லா வண்டியும் மூச்சு வாங்க ஆரம்பிக்கற வேகத்துல இது அப்பத்தான் கண்ண முழிக்கும். 160ல போயிட்டு இருக்கறப்போ பெடல இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பாருங்க, கியர் மாறாது, சத்தம் கூடாது, முள்ளு மட்டும் ஏறிக்கிட்டே போகும். 225 வரைக்கும் போகும்னு கம்பெனி சொன்னது, நான் அவ்வளவு தூரம் போனதில்ல, டயர் மேல நம்பிக்கை இருந்தாலும் வீட்டம்மா மேல பயம்.

ஸ்டீயரிங் விஷயம். இது ரேக் அண்ட் பினியன் கிடையாது, பால் சுத்தி வர்ற பெட்டி டைப். நடுவுல ஒரு மந்தம் இருக்கத்தான் செய்யும், 180ல கை லேசா நடுங்கினாலும் வண்டி அலையாம இருக்க அந்த மந்தம் தேவை. ஆனா மந்தம் வேற, ஆட்டம் வேற. வண்டிய நிறுத்திட்டு எஞ்சின ஓட விட்டு ஸ்டீயரிங்க விரல்ல லேசா இப்படி அப்படி ஆட்டுங்க, வெளிய ஒருத்தர் முன் டயரப் பார்க்கட்டும். விளிம்புல ரெண்டு விரல் அகலம் நகர்ந்தும் டயர் அசையலன்னா பெட்டிய அட்ஜஸ்ட் பண்ணணும், இல்ல ஐட்லர் ஆர்ம் (ஸ்டீயரிங் கம்பிய மறுபக்கம் தாங்கற கை) புஷ் போயிருக்கும். ரெண்டுமே பெரிய செலவு இல்ல.

சாயறது? சாயத்தான் செய்யும். 1600 கிலோவுக்கு மேல எடை, மெத்துன ஸ்பிரிங். ஆனா சாஞ்சதுக்கப்புறம் அப்படியே நிக்கும் பாருங்க, அதுக்கு மேல ஆடாது.

560 பத்தி அப்புறம் எழுதறேன், பையன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்.

ஆறுசிலிண்டர்:

பென்ஸ் அண்ணன் எழுதினதப் படிச்சா சோபாவுக்கு விளம்பரம் மாதிரியே இருக்கு 😀

தம்பி, உங்களுக்கு பெடல் கனம், ஸ்டீயரிங் மந்தம், சாயுது, இதெல்லாம் உறுத்துதுன்னா உங்களுக்கு வேண்டியது பென்ஸே இல்ல. போய் ஒரு பிஎம்டபிள்யூ 635 சிஎஸ்ஐ ஓட்டிப் பாருங்க. வரிசையா ஆறு சிலிண்டர், 218 குதிரைத்திறன், அஞ்சு கியர் மேனுவல். நீள மூக்கு, மூக்கு நுனி கொஞ்சம் முன்னாடி குனிஞ்ச மாதிரி நிக்கும், நின்னாலே பாயறாப்ல இருக்கும். இதுலயும் நடுத்தூண் இல்ல, நாலு கண்ணாடியும் இறங்கும், உங்க காலண்டர் ஆசையும் தீரும். 3000க்கு மேல போனா அந்த ஆறு சிலிண்டர் பாடற பாட்டு இருக்கே, வி8ல அது வராது. வி8 முனகும், இது பாடும்.

டிசைன் பண்ணது பால் ப்ராக். அந்த மனுஷர் அதுக்கு முன்னாடி பென்ஸ்லதான் இருந்தார், 60கள்ல வந்த அந்த எஸ்எல் இருக்குல்ல, பகோடான்னு சொல்வாங்களே (நம்ம டீக்கடை பகோடா இல்லீங்க, மேல் கூரை நடுவுல பள்ளமா கோயில் கூரை மாதிரி இருக்கும், அதனால அந்தப் பேரு), அதுவும் அவர் கைவண்ணம்தான். ஆக நல்ல பென்ஸ் வரைஞ்ச ஆளே அப்புறம் பிஎம்டபிள்யூக்கு வந்துட்டார், யோசிச்சுக்கோங்க.

துருப்பிடிக்கும், அது உண்மை, பொய் சொல்ல மாட்டேன். என்னோடது 1983, முன் மட்கார்டு ரெண்டும் மாத்தியாச்சு. 82ல மாத்தினதுக்கு அப்புறம் வந்த வண்டியா பாருங்க, அதுல அடிப்பகுதி அப்ப வந்த புது 5 சீரிஸ்ல இருந்து எடுத்தது, பின் ஆக்சில் நடத்தை நல்லாருக்கும். மழைல வளைவுக்குள்ள போய் சட்டுன்னு கால எடுத்தா மட்டும் பின்பக்கம் வெளிய எட்டிப் பார்க்கும், பழகிக்கணும்.

சுன்னாகத்தான்:

தம்பி நெக்கார்க்கரை, மற்ற ரெண்டு பேரும் ஓடுற கதையைக் கதைக்கினம், நான் உமக்கு ஒரு சத்தத்தைப் பற்றிக் கதைக்கிறன். அந்தக் கடகட.

நான் 85ல ஜேர்மனிக்கு வந்தனான். முதல் ஒரு இத்தாலிக்காரன்ர ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினது, பிறகு ஒரு கராஜில ரயர் மாத்துற வேலை, அங்க நிண்ட கிழவன் மாஸ்ரர் தொழில் பழக்கினவர். உந்த 126ஐ (எஸ்இசி சேர்ந்த எஸ் கிளாஸ் வரிசையின்ர நம்பர்) எத்தினை தரம் பிரிச்சுப் பூட்டினன் எண்டு கணக்கில்லை. நல்ல மோட்டர், முழுக்க அலுமினியம், சிலிண்டருக்குள்ள இரும்பு லைனரே இல்லை, ஒழுங்கா ஒயில் மாத்தினா நாலு லட்சம் கிலோமீற்றர் ஓடின மோட்டரை நான் கண்ணால கண்டனான். ஆனா அதுக்குள்ள ரெண்டு பிளாஸ்ரிக் சாமான் இருக்கு, அதுதான் ஆளைக் கொல்லும்.

முதலாவது ரைமிங் செயின் (வால்வைத் திறக்கிற காமைச் சுத்துற சங்கிலி) ஓடுற பாதையில இருக்கிற பிளாஸ்ரிக் றெயில். புதுசில வெளிறின நிறம். முப்பது நாப்பது வருசம் சூடான ஒயிலுக்குள்ள கிடந்து கடும் பிறவுண் நிறமாகி, பனங்கட்டி மாதிரி மொறுமொறுவெண்டு ஆயிடும். ஒரு நாள் குளிருக்குள்ள ஸ்ராட் பண்ண, செயின் தளர்வா கிடந்து அடிக்க, றெயில் துண்டு உடைஞ்சு செயினுக்கும் பல்லுச் சில்லுக்கும் நடுவில போகும். அவ்வளவுதான். செயின் பாயும், வால்வு பிஸ்ரனில முட்டும், மோட்டர் முடிஞ்சுது. இதுக்கு முன்னறிவிப்பு ஒண்டும் இல்லை, நேற்று நல்லா ஓடின கார் இண்டைக்கு காலமை செத்துக் கிடக்கும். நீர் கேட்ட ஒரு செக்கன் சத்தம் ஒயில் அமுக்கம் வரும்வரைக்கும் செயின் ரென்சனர் (செயினை இறுக்கிப் பிடிக்கிற சாமான்) தளர்ந்து கிடக்கிற சத்தமா இருக்கலாம். "பழைய கார் அப்பிடித்தான்" எண்டு விட்டிடாதேங்கோ.

பாக்கிறது பெரிய வேலை இல்லை. மோட்டரின்ர மேல் மூடியைக் கழட்டினா றெயில் கண்ணுக்குத் தெரியும், இடப்பக்க மூடியை முதல்ல கழட்டுங்கோ, அங்கதான் முதல்ல உடையிறது. நிறத்தைப் பாத்தாலே விளங்கும். மூடி கழண்டு கிடக்கேக்க ரெண்டாவதையும் பாருங்கோ. காம் சாப்ட்டுக்கு (வால்வைத் திறக்கிற தண்டு) மேலால ஒரு மெல்லிய குழாய் போகுது, அதுதான் காமுக்கு ஒயில் சொட்டுறது. அந்தக் குழாயைப் பிடிச்சிருக்கிறதும் பிளாஸ்ரிக் மூட்டு. அது இறுகி வெடிச்சு கழண்டு போனா ஒயில் வேற பக்கம் ஊத்தும், காம் காய்ஞ்சு தேயும். விரல் நகத்தால காமின்ர நுனியைத் தடவிப் பாருங்கோ, கண்ணாடி மாதிரி இருந்தா நல்லது, நகம் எங்கயாவது தடக்கினா காசு.

செயின் நீண்டிருக்கோ எண்டும் பாக்கலாம். காமில ஒரு கோடு இருக்கு, அதை நேருக்கு வைச்சிட்டு கீழ மோட்டரின்ர முன்பக்கச் சில்லில (கிறாங் புலி) எத்தினை டிகிரி காட்டுது எண்டு வாசிக்கோணும். கூட நீண்டிருந்தா மாத்தோணும். மாத்தேக்க மோட்டரைப் பிரிக்கத் தேவையில்லை, பழைய செயினின்ர ஒரு கண்ணியை வெட்டி, புதுச் செயினை அதோட கொழுவி, ஒராள் கீழ இருந்து மோட்டரைக் கையால மெல்ல மெல்லச் சுத்த, மற்றாள் மேல ரெண்டு பக்கமும் செயினை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு புதுசை உள்ளுக்கு விட்டுப் பழசை வெளியில எடுக்கோணும். ரெண்டு பேர் வேணும், ரெண்டு பேரும் கதைக்கக் கூடாது, கதைச்சா ஒரு பல்லுத் தவறும். றெயில், ரென்சனர் எல்லாம் அதோடயே மாத்துங்கோ.

இன்னொண்டு, இன்ரநெற்றில ஒத்தை வரிசைச் செயின் எண்டு பயப்படுத்துவினம். அது அமெரிக்காவுக்குப் போன 80களின்ர துவக்கத்து 380 கார்களின்ர பிரச்சினை. உம்மட 500க்கு இரட்டை வரிசை.

கியர் மாறேக்க வாற இடிக்கு கியர்பொக்ஸைக் கழட்ட விடாதேங்கோ. அந்தப் பெட்டி வக்கூம் (மோட்டர் காத்தை உறிஞ்சிற இழுவை) பாத்துத்தான் எவ்வளவு மென்மையா மாத்திறது எண்டு முடிவெடுக்கிறது. ஒரு சின்ன றபர் மூட்டு வெடிச்சாலே இடிக்கும். சில நேரம் ரெண்டு மூண்டு யூரோ சாமான்.

கோவைடீசல்:

சூப்பர் த்ரெட் ஓடுது. அண்ணே நான் கோயமுத்தூர். நம்மகிட்ட 124 இருக்குங்க, புனேல டாடாவோட டெல்கோ கூட சேர்ந்து போட்டாங்களே அந்த இ250 டீசல், அப்பா வாங்கினது. கூப்பே எல்லாம் நமக்கு எட்டாது, ஆனா நீங்க சொல்ற அந்தப் பெரிய ஸ்டீயரிங், கதவு சாத்தற சத்தம் எல்லாம் படிக்கப் படிக்க நம்ம வண்டியவே சொல்ற மாதிரி இருக்குங்க.

ஒரு சந்தேகம், ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா முன் டயர் ரெண்டும் பைக் வளைவுல சாயற மாதிரி சாஞ்சு நிக்குது. மெக்கானிக்குக்கே பதில் தெரியல, "பென்ஸ்னா அப்படித்தாங்க"ங்கறார். அந்த எஸ்இசிலயும் அப்படியா? ஏன்?

அப்புறம் பின்சீட்ல ஆள் உக்கார முடியுமாங்க அதுல?

பழையபென்ஸ்:

@கோவைடீசல் ஆமாங்க, இதுலயும் அதேதான். காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் சுத்தற அச்சு பின்னாடி சாயற கோணம்) அதிகமா வச்சிருக்காங்க. சைக்கிள்ல முன் ஃபோர்க் சாஞ்சு இருக்கறதாலதான கைய விட்டாலும் நேரா போகுது, அதே சங்கதி. நேர் ரோட்டுல வண்டி தானா நேரா நிக்கும், வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா திரும்பி வரும், ஒடிச்சா டயர் வளைவுக்குள்ள சாய்ஞ்சு பிடிப்பு கிடைக்கும். பார்க்கத்தான் கால் உடைஞ்ச ஆடு மாதிரி இருக்கும். 126ல இதோட இன்னொண்ணும் இருக்கு, டயர் தரையத் தொடற நடுப்புள்ளியும் ஸ்டீயரிங் சுத்தற அச்சும் தரைல ஒரே இடத்துல வந்து சேர்ற மாதிரி வச்சிருக்காங்க. ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் காஞ்ச ரோடுன்னு இருக்கற இடத்துல பிரேக் அடிச்சாலும் ஸ்டீயரிங் கையப் பிடுங்காது. இங்க ஜனவரில ஓட்டினா இதோட அருமை புரியும்.

பின்சீட்ல ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். இதுக்கு முந்தி வந்த எஸ்எல்சி இருக்கே, அது எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரை நீட்டிச் செஞ்சது. எஸ்இசி அப்படி இல்ல, அசல் எஸ் கிளாஸ் செடானோட அடிப்பகுதிய 85 மில்லிமீட்டர் மட்டும் குறைச்சு செஞ்சது, 1981 செப்டம்பர்ல ஃப்ராங்ஃபர்ட் ஷோல காட்டினாங்க. ப்ரூனோ சாக்கோ தலைமைல வரைஞ்சது. காத்தக் கிழிக்கற விஷயத்துல, காத்து எதிர்ப்பு எண் செடானுக்கு 0.36, இதுக்கு 0.34, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். நடுத்தூண் இல்லாததாலதான் பெல்ட் பின்னாடி எங்கயோ போயிருச்சு, கை எட்டாது, அதான் அந்த நீட்டற கை. அலங்காரத்துக்கு வச்சது இல்ல, கட்டுமானப் பிரச்சினைக்கு வந்த தீர்வு. அது வேலை செய்யலன்னா தினமும் முதுக முறுக்கிக்கிட்டு பெல்ட் எடுக்கணும், அதனால ரெண்டு பக்கமும் நீளுதான்னு பாருங்க நெக்கார்க்கரை.

இப்ப 560. 85 இலையுதிர்ல, வண்டிய கொஞ்சம் புதுப்பிச்ச ஃபேஸ்லிஃப்ட்டோட வந்தது. அதே எஞ்சின்தான், பிஸ்டன் விட்டம் அதே 96.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்க (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) மட்டும் 85 மி.மீ.ல இருந்து 94.8க்கு நீட்டி 5547 சிசி ஆக்கினாங்க. ஆக்சில் ரேஷியோவும் குட்டை, அதனால சிக்னல்ல நீங்க தேடின சுறுசுறுப்பு அதுல இருக்கும். ஆனா 560னு பேர் போட்ட எல்லாம் ஒண்ணு இல்ல. கேட்டலிட்டிக் (புகைய சுத்தம் பண்ற பெட்டி) வச்ச ஆரம்ப வண்டி 242 குதிரைத்திறன், கேட்டலிட்டிக் இல்லாம 272, 87க்கு அப்புறம் கேட்டலிட்டிக்கோட 279, நல்ல கம்ப்ரஷன் உள்ளது 300. பேட்ஜப் பார்த்து காசு குடுக்காதீங்க, வண்டிப் பேப்பர்ல கிலோவாட் போட்டிருக்கும், 178ஆ, 200ஆ, 205ஆ, 220ஆன்னு அதப் பாருங்க.

என் சொந்த அபிப்பிராயம், குட்டை ஸ்ட்ரோக் 500தான் மேல சுத்தறப்போ இழைஞ்சு போகும், 560 கொஞ்சம் முரடு. நிறைய பேர் இதுக்கு என்னோட சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

அப்புறம் பிஎம்டபிள்யூ அண்ணனுக்கு: உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கும், ம்யூனிக்ல இருந்து ஹாம்பர்க் போறதுக்குள்ள அதே பாட்ட எத்தன தடவைதான் கேக்கறது?

ஆறுசிலிண்டர்:

ஹாம்பர்க் வரைக்கும் போற வழில எத்தன பெட்ரோல் பங்க்ல நிக்கறீங்கன்னும் சொல்லிருங்க 😀 90 லிட்டர் டேங்க்குனு பெருமை பேசறீங்க, நூறு கிலோமீட்டருக்கு 15 குடிச்சா என்ன பண்றது.

சீரியஸா ஒண்ணு. அவர் ஊர் வண்டி இல்ல, வாரக்கடைசி வண்டிதான தேடறார்? கருங்காட்டுல (பிளாக் ஃபாரஸ்ட்) சின்ன ரோடு, கொண்டை ஊசி வளைவுன்னா என் வண்டி. இத்தாலிக்கு குடும்பத்தோட லீவுன்னா அவர் வண்டி. இதுல எது வேணும்னு முதல்ல அவர் முடிவு பண்ணட்டும்.

பழையபென்ஸ்:

15 இல்ல, மெதுவா ஓட்டினா 13. (வேகமா ஓட்டினா கேக்காதீங்க.)

சுன்னாகத்தான்:

துருவைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. மோட்டரைப் பாத்து மயங்கிறவை உடம்பைப் பாக்க மறந்திடுவினம். மோட்டர் செய்யலாம், உடம்பு செய்யிறது வீடு கட்டின மாதிரி.

கூப்பேயில முதல் பாக்கிற இடம் பின் கண்ணாடியின்ர கீழ் மூலை ரெண்டும். றபருக்கு அடியில தண்ணி நிண்டு உள்ளுக்குள்ளால அரிக்கும், வெளியில ஒரு சின்னக் கொப்புளம் மட்டும்தான் தெரியும். அப்பிடி இருந்தா டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி கையை வைச்சுப் பாருங்கோ, ஈரமோ, மணக்குதோ எண்டு. அதுக்குப் பிறகு ஜாக்கி வைக்கிற நாலு இடம், சில்லு வளைவு, முன் மட்காட்டின்ர பின்பக்கம். 85க்குப் பிறகு வந்ததில கீழ அகலப் பிளாஸ்ரிக் பலகை அடிச்சிருக்கு, அதுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு கழட்டினாத்தான் தெரியும். உம்மடது 84, பலகை சின்னன், ஒளிக்கிறதுக்கு இடம் குறைவு.

பெற்றோல் விடுறது கே ஜெட்ரோனிக் எண்ட முழுக்க மெக்கானிக்கல் இன்ஜெக்சன். ஓடிட்டு பத்து நிமிசம் நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. குளிர்ல நல்லா பிடிச்சு, சூட்டில கனநேரம் இழுத்தா பெற்றோல் அமுக்கம் நிக்கேல்லை. பெரும்பாலும் அக்குமுலேற்றர் (அந்த அமுக்கத்தைப் பிடிச்சு வைக்கிற சாமான்). விக்கிறவர் எப்பவும் மோட்டரைச் சூடாக்கி வைச்சிருந்தா குளிர்ந்த பிறகு வாறன் எண்டு சொல்லுங்கோ, உமக்குக் குளிரா காட்டினபடியால் அந்த மனுசன் நேர்மையான ஆள்போலதான் கிடக்கு.

நெக்கார்க்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை போயிட்டு வந்தேன், வந்து சாப்பிட்டு இப்பத்தான் உக்கார்ந்தேன், வரிசையா சொல்றேன்.

பெரியவர்கிட்ட வால்வ் கவர் கழட்டணும்னு கேக்கவே கூச்சமா இருந்துச்சு. அவரே பக்கத்து ஊர்ல ஒரு சின்ன ஷாப்புக்கு கூட்டிட்டுப் போனார். இடப்பக்க மூடியக் கழட்டினாங்க. சுன்னாகத்தார் சொன்ன அதே பனங்கட்டி கலர்! மெக்கானிக் லேசா ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு தொட்டார், ஓரத்துல ஒரு நகக்கண் அளவு துண்டு உதிர்ந்து அவர் கைல விழுந்துச்சு. மூணு பேரும் ஒரு நிமிஷம் பேசல. ஆயில் குழாயோட ஒரு மூட்டு கைல ஆட்டினா ஆடுது, ஆனா காம் எல்லாம் பளபளன்னு இருக்கு, நகம் எங்கயும் மாட்டல. செயின் நீட்சி அளந்தாங்க, கொஞ்சம் நீண்டிருக்கு, மாத்திடறது நல்லதுன்னார்.

பின் கண்ணாடி வலது மூலை சுத்தம். இடது மூலைல மிளகு அளவு ஒரு கொப்புளம். டிக்கி கம்பளம் காஞ்சுதான் இருந்துச்சு, ஆனா தகரத்துல பழைய தண்ணிக் கறை ஒரு கோடா தெரியுது. பெல்ட் கை ரெண்டும் நீளுது. பெடல அமுக்கி லிங்கேஜ் பார்த்தோம், த்ராட்டில் முக்கால்தான் தொறக்குது! ரெண்டு புஷ் போயிருந்துச்சு, அங்கயே மாத்திட்டாங்க. அந்த கியர் இடி இன்னும் இருக்கு, வக்கூம் குழாய் பார்க்கல.

இதெல்லாம் பார்க்கறதுக்கு முன்னாடியே ஓட்டி முடிச்சாச்சு, காலைலயே ஏ81 ஆட்டோபான்ல ஹெரன்பெர்க் தாண்டி தெற்கால ஒரு நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வந்தோம். றெயில் அந்த நிலைமைல இருக்கறது தெரிஞ்சிருந்தா நான் 100 தாண்டியிருக்க மாட்டேன். ஆனா தாண்டினேன். கட்டுப்பாடு இல்லாத இடத்துல 150, 160 வந்ததும் பழையபென்ஸ் அண்ணன் சொன்னது நடந்துச்சு. ஊருக்குள்ள கனமா இருந்த பெடல் அங்க கால வச்சுக்க ஒரு திண்டு மாதிரி ஆயிருச்சு. சும்மா ஆடுதுன்னு சொன்னேன்ல அந்த ஸ்டீயரிங், அத ரெண்டு விரல்ல பிடிச்சுட்டு போறேன், வண்டி கோடு போட்ட மாதிரி போகுது. பெரியவர் பக்கத்துல உக்கார்ந்து அவரோட பேத்தி கல்யாணத்தப் பத்தி சாதாரணக் குரல்ல பேசிட்டு வர்றார், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. மீட்டரப் பார்த்தா 170.

ஆறுசிலிண்டர் அண்ணே, மன்னிச்சுக்கோங்க.

விலைல செயின் வேலைக்கும் கண்ணாடி மூலைக்கும் சேர்த்து குறைச்சுக் கேட்டேன், அவர் கொஞ்ச நேரம் யோசிச்சு சரின்னுட்டார். 30 வருஷம் தாண்டின வண்டிங்கறதால ஹெச் நம்பர் பிளேட் (பழங்கால வண்டிக்கு குடுக்கறது) ஏற்கெனவே இருக்கு, வரி வருஷத்துக்கு 191 யூரோ 73 சென்ட், புகைக் கட்டுப்பாடு இருக்கற ஸ்டுட்கார்ட் உள்ள ஓட்டவும் தடை இல்ல. செவ்வாய்க்கிழமை போய் வண்டிய எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன்.

சுன்னாகத்தான்:

எடுத்துட்டு வரலாமோ? எதில? ஓடிக்கொண்டோ?

தம்பி, துண்டு உதிர்ந்த றெயிலோட ஒரு தரம் கூட ஸ்ராட் பண்ணாதேங்கோ. மூடியைப் பூட்டி பெரியவர் வீட்ட ஓடினதே பெரிய காரியம். ட்ரெயிலர் பிடிச்சு ஏத்துங்கோ, நேர செயின் செய்யிற இடத்தில இறக்குங்கோ. விஞ்சால இழுத்து ஏத்துங்கோ, சாவியைத் திருப்பலாம், மோட்டரைத் திருப்பாதேங்கோ.

ஆறுசிலிண்டர்:

மன்னிச்சுட்டேன். செயின் மாத்தின பில்ல பார்த்துட்டு திரும்பி வருவீங்க, என் கதவு தொறந்தே இருக்கும்.

நெக்கார்க்கரை:

ட்ரெயிலர் சொல்லியாச்சு அண்ணை, செவ்வாய் காலைல எட்டு மணிக்கு வருது. பெரியவருக்கும் போன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப சாவியத் திருப்பி அந்த பெல்ட் கை நீள்றத மட்டும் கடைசியா ஒரு தடவை பார்த்துக்கலாமா?"ன்னு கேட்டார். பேட்டரில வேலை செய்யறதுதான, பார்த்துக்கோங்கன்னு சொன்னேன்.